அறுபத்தாறு நாள் பேரரசி

யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுவது நல்லது. அன்றைக்கு நடந்ததில் பாதி அதிலேயே இருந்தது.

இடம், வட இத்தாலியில் போர்கோ நதீஸா நாணயச் சங்கத்தின் மாடி அறை. நேரம், சனிக்கிழமை காலை பத்தரை. நீள்வட்ட மேஜையின் தலைப்பக்கம் சங்கத் தலைவர் எர்மெனெஜில்தோ பாஸ்கொலாத். எழுபத்துநாலு வயது, ஓய்வுபெற்ற நில அளவையாளர். அரசாங்கம் கொடுத்த ‘கவாலியேரே’ பட்டத்தைத் தன் மனைவியே சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறவர். அவருக்கு வலப்பக்கம் சங்கச் செயலாளர், வக்கீல் ஸ்தாபிலே. அவர் முன்னால் தட்டச்சு செய்த புகார்க் கடிதமும் மூடி கழற்றிய பேனாவும் இருந்தன. இடப்பக்கம் ஒரு காலி நாற்காலி. அது காலஞ்சென்ற மருந்துக்கடைக்காரர் கொமூத்ஸியுடையது. சேர்த்த நாணயங்களை எல்லாம் ஊருக்கே எழுதிவைத்துவிட்டுப் போனவர் என்பதால், அதில் யாரும் உட்காரக் கூடாது என்று சங்கத்தில் தீர்மானமே போட்டிருந்தார்கள். தலைவருக்கு நேர் எதிரே, ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு துப்பறியும் நிபுணர் ஒனேலியா ஸொர்ஸெனோன். கதவோரம், மேஜைக்குக் கை எட்டாத தூரத்தில், ஒரு மடக்கு ஸ்டூலில் நீவெஸ் தொமாஸின். பதினெட்டு வருடமாக இந்த அறையைத் திறந்து, துடைத்து, பள்ளிப் பிள்ளைகளுக்கு நாணயங்களைக் காட்டி, மறுபடி பூட்டுகிறவள். நேற்று மாலையிலிருந்து அவளுக்கு ‘திருடி’ என்று பெயர்.

ஒனேலியாவின் உதவியாளன் ஈவோ எங்கே உட்காருவது என்று ஒரு நிமிடம் சுற்றிப் பார்த்தான். பிறகு செத்தவரின் நாற்காலியில் உட்கார்ந்து கால்மேல் கால் போட்டுக்கொண்டான். வக்கீலின் புருவம் ஏறி இறங்கியது.

“அவர் ஒண்ணும் ஆட்சேபிக்கலையே,” என்றான் ஈவோ.

விஷயம் இதுதான். ஜன்னலோரத்துக் கண்ணாடிப் பெட்டியில் முப்பது வருடமாக ஒரே ஒரு ரோமானிய வெள்ளிக்காசு தனியாக வைக்கப்பட்டிருந்தது. அதில் இருக்கும் முகம் பேரரசி மான்லியா ஸ்கான்தில்லாவினுடையது என்று கீழே பித்தளைத் தகடு சொன்னது. அவளுடைய புருஷன், காவல் படை சிம்மாசனத்தை ஏலம் விட்டபோது அதிக விலை கேட்டு எடுத்தவன். அறுபத்தாறாம் நாள் தலையைப் பறிகொடுத்தான். அந்த அறுபத்தாறு நாளுக்குள் அடித்த காசுகள்தான் அவளுக்கு உண்டு. அதனால் அவை கிடைப்பது குதிரைக் கொம்பு. மருந்துக்கடைக்காரர் விட்டுப்போன குவியலில் இவளை அடையாளம் கண்டவர் பாஸ்கொலாத். அதைப் பற்றி ஒரு சிறு புத்தகம் எழுதினார். பட்டம் வந்தது. சங்கத்தின் கடிதத்தாளிலும், வாசல் பலகையிலும், வருடாந்தர விருந்தில் கை துடைக்கிற தாளிலும்கூட அவள்தான்.

போன மாதம் வெரோனாவில் ஒரு கண்காட்சிக்காக அவளைக் கேட்டார்கள். பாஸ்கொலாத் பெருமையாகப் படம் எடுத்து அனுப்பினார். அங்கிருந்த நிபுணர் நாலு வரியில் பதில் போட்டார். காசு உண்மையான ரோமானிய வெள்ளிதான். ஆனால் முகம் ஸ்கான்தில்லாவுடையது இல்லை, யூலியா தோம்னாவுடையது. சந்தையில் கூடை கூடையாகக் கிடைக்கிற பேரரசி. யாரோ பழைய பெயரைச் சுரண்டிவிட்டுப் புதுப் பெயரைச் செதுக்கியிருக்கிறார்கள். தேவையில்லை, நன்றி.

கவாலியேரே இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. மூன்றாம் நாள் முடிவுக்கு வந்துவிட்டார். முப்பது வருடத்துக்கு முன் தான் பார்த்தது ஸ்கான்தில்லா. இப்போது பெட்டியில் இருப்பது ஸ்கான்தில்லா இல்லை. ஆகவே நடுவில் யாரோ மாற்றிவிட்டார்கள். சாவி இரண்டு. ஒன்று அவர் கடிகாரச் சங்கிலியில் தொங்கியது. மற்றது நீவெஸிடம்.

புகார் உதினே நகரத்து அரசு வழக்கறிஞருக்குப் பதிவுத் தபாலில் போக வேண்டும். சனிக்கிழமை என்பதால் தபால் அலுவலகம் பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு மூடிவிடும். நடுநிலையான துப்பறிவாளர் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் கடிதத்துக்குக் கனம் கூடும் என்பது வக்கீலின் யோசனை. ஒனேலியாவை வரவழைத்தது அந்த ஒரு கையெழுத்துக்காக.

மாடிப்படியில் ஏறி வரும்போதே நீவெஸ் ஒனேலியாவை நிறுத்தி ஒன்று சொல்லியிருந்தாள். ஈவோவுக்கு அது இன்னும் காதில் இருந்தது. “ஜெயில்னா கூடப் போயிட்டு வந்துருவேன் சிஞோரா. ஆனா திருடிங்கற பேரோட இந்த ஊர் பேக்கரி வரிசையில ஒரு நாள் நிக்க முடியாது என்னால.”

பாஸ்கொலாத் தனக்கு மட்டும் காபி வரவழைத்துக் குடித்துக்கொண்டிருந்தார். கோப்பையைக் கீழே வைக்காமலே பேசினார்.

“நீங்க ஒண்ணும் கண்டுபிடிக்க வேண்டாம் சிஞோரா. கண்டுபிடிச்சாச்சு. கீழ ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். நாய்க்குட்டி காணாமப் போன கேஸ் மாதிரி தெருத்தெருவா அலைய வேண்டியதில்ல.”

“நாய்க்குட்டி கேஸ்ல ஒரு சௌகரியம் கவாலியேரே,” என்றான் ஈவோ. “கிடைச்சதும் அது வாலை ஆட்டும். படிச்சவங்க கேஸ்ல அதுவும் கிடையாது.”

இந்த ஆள் யார் என்று தலைவர் ஒனேலியாவைக் கேட்டார். உதவியாளர் என்றும், அதற்கு முன்னால் இருபத்திரண்டு வருடம் பெண்களுக்கு முடியலங்காரம் செய்தவர் என்றும், மணிக்கட்டு வலி வந்ததால் தன்னிடம் வந்தவர் என்றும் அவள் சொன்னாள். வக்கீல் மூக்கால் சிரித்தார்.

“பேஷ். ரோமானிய நாணயவியலுக்கு முடி வெட்றவர்,” என்றார் பாஸ்கொலாத்.

ஒனேலியா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. அவமானப்படுத்துகிறவர்களிடம் அவள் இன்னும் மரியாதையாகப் பேசத் தொடங்குவாள். அது ஆரம்பித்துவிட்டால், கூட இருக்கிறவன் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்துக்கொள்வது நல்லது என்று ஈவோவுக்குத் தெரியும்.

கையெழுத்துப் போடும் முன் காசை ஒருமுறை பார்க்கலாமா என்று பணிவாகக் கேட்டாள். வக்கீல் ஒரு காகித உறையிலிருந்து அதை எடுத்து மேஜைமேல் வைத்தார். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. வட்டம் என்று சொல்ல முடியாது. கீழே வலது ஓரத்தில் எலி கடித்த மாதிரி ஒரு துண்டு இல்லை, மேலே இடது பக்கம் சின்ன வால் போல நீண்டிருந்தது. பின்புறம் ஒரு தேவி நிற்க, காலடியில் மயில். மருந்துக்கடைக்காரர் சேர்த்த சாதாரணப் பேரரசிகள் எங்கே என்று ஒனேலியா கேட்டாள். யாரும் அசையவில்லை. நீவெஸ்தான் எழுந்துபோய் அலமாரியின் மூன்றாவது இழுப்பறையை எடுத்து வந்து வைத்தாள். அதில் யூலியா தோம்னா மட்டும் பதினொன்று இருந்தன.

ஒனேலியா உருப்பெருக்கியை ஈவோவின் பக்கம் தள்ளினாள். “உங்க கஸ்டமரைப் பாருங்க.”

ஈவோ பதினொன்றையும் வரிசையாக வைத்து, கடைசியில் பெட்டிக் காசையும் வைத்தான். முகங்களைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்து அவன் யாரையும் அடையாளம் கண்டதே இல்லை. தெருவில் போகிற பெண்களைப் பின்னாலிருந்து பார்த்துப் பெயர் சொல்லிவிடுவான். பன்னிரண்டு தலைகளையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு உருப்பெருக்கியைக் கீழே வைத்தான்.

“இந்தத் தலையை ஒருத்தரா பண்ண முடியாது தலைவி. ரெண்டு பேர் வேணும், சூட்டுக்கோல் வேணும், காலையில உக்காந்தா மத்தியானம் ஆயிரும். நெத்தியிலேர்ந்து கழுத்து வரைக்கும் அலை அலையா, ஹெல்மெட் கவுத்த மாதிரி. பின்னாடி பெரிய கொண்டை, பன் ரொட்டிய அமுக்கி ஒட்டின மாதிரி. பாதி சவுரி. இந்தப் பதினொரு தலையிலயும் இதே வேலைதான். பன்னெண்டாவதுலயும் இதேதான்.”

“பெயர்?”

“பேரை மாத்தினவன் நல்ல கைக்காரன். ஆனா முடியில கை வைக்கல. வெச்சா முகமே போயிரும்னு பயம். ரெஜிஸ்தர் ஆபீஸ்ல பேரை மாத்திட்டு, பழைய தலையோட ஊர்வலம் வந்திருக்கா அம்மா.”

இதில் ஒரு வேடிக்கை இருந்தது. யூலியா தோம்னாவின் புருஷன்தான் படையோடு ரோமுக்கு வந்து அறுபத்தாறு நாள் ஆட்சியை முடித்துவைத்தவன். அரண்மனையை விட்டுத் துரத்தியவளே துரத்தப்பட்டவளின் பெயரைப் போட்டுக்கொண்டு இந்த ஊர் வெல்வெட்டில் படுத்திருந்தாள். ஈவோ சிரிக்கப் போனான். அப்புறம்தான் கதவோரம் பார்த்தான். நீவெஸின் முகம் வெளுத்திருந்தது. தான் செய்த காரியம் அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. காசு போலி என்று அவனே நிரூபித்துக் கொடுத்துவிட்டான். புகார்க் கடிதத்தில் இருப்பதும் அதேதான்.

பாஸ்கொலாத் முதன்முறையாக அவனைப் பார்த்துத் தலையசைத்தார். “பாத்தீங்களா. இவருக்கே தெரியுது. முப்பது வருஷம் முன்னாடி எனக்குத் தெரியாம இருந்திருக்குமா?” தன் புத்தகத்தை எடுத்து மேஜையில் எறிந்தார். அட்டையில் ஸ்கான்தில்லா, தட்டு மாதிரி முழு வட்டமாக, சன்னமான கூந்தலோடும் சின்னக் கொண்டையோடும் இருந்தாள். புகைப்படம் இல்லை, ஓவியம். வெள்ளி பளபளப்பில் படம் சரியாக விழாது என்பதால் த்ரியெஸ்தே ஓவியர் ஒருவரை வரவழைத்ததாகவும், தாமே பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கோடாகச் சொல்லிக் கொடுத்ததாகவும் விளக்கினார். ஓவியர் முதலில் முடியைத் தப்பாகப் போட்டுவிட்டாராம். இவர்தான் நாணயப் பட்டியல் புத்தகத்தை விரித்து வைத்துத் திருத்தினாராம்.

“தப்பாப் போட்டது எப்படி இருந்துச்சு?” என்று ஈவோ கேட்டான். “ஹெல்மெட் மாதிரியா?”

வக்கீல் கடிகாரத்தைக் காட்டினார். பதினொன்றே கால்.

ஒனேலியாவின் குரல் இன்னும் மென்மையாகிவிட்டது. தனக்கு ஒரு சின்னச் சந்தேகம், அறியாமைதான், மன்னிக்க வேண்டும் என்றாள். யாராவது உண்மையான காசிலிருந்து அச்செடுத்து, வெள்ளியை உருக்கி ஊற்றி இதைச் செய்திருக்கலாம் இல்லையா? அப்படியென்றால் இது வெறும் வார்ப்புதானே?

பாஸ்கொலாத் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். யாரோ தன் அம்மாவைப் பற்றித் தவறாகப் பேசியதுபோல இருந்தது அவர் முகம்.

“வார்ப்பா? நாப்பது வருஷமா காசைக் கையில வெச்சிருக்கேன், வார்ப்பு எனக்குத் தெரியாதா? இந்த ஓரத்தைப் பாருங்க, வெடிச்சிருக்கு. சுத்தியால அடிச்சது. அசல் வெள்ளி, அசல் அடி. எழுத்தை மட்டும்தான் தொட்டிருக்கான். வெரோனாக்காரனும் அதைத்தான் சொல்றான். வார்ப்புன்னு சின்னப் பிள்ளை கூடச் சொல்லாது.”

“அப்ப கையால அடிச்ச காசுல ஒண்ணு மாதிரி இன்னொண்ணு…”

“இருக்கவே இருக்காது. ஒரே அச்சுல அடுத்தடுத்து அடிச்சாலும் ஓரம் வேற வேறதான். பேக்கரியில கையால தட்டிப் போடற பிஸ்கட் ரெண்டு ஒரே வடிவத்துல பாத்திருக்கீங்களா? இதெல்லாம் பாலபாடம் சிஞோரா.”

பாலபாடம் தனக்கு மறந்துபோகும் என்றும், எழுத்தில் இருந்தால் உதவியாக இருக்கும் என்றும் ஒனேலியா சொன்னாள். வக்கீல் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் கவாலியேரே ஒரு தாளை இழுத்து, மேற்படி காசு வார்ப்பு அல்ல, கையால் அடிக்கப்பட்டது, இதே ஓர அமைப்பு வேறெந்தக் காசுக்கும் இருக்க முடியாது என்று எழுதி, பட்டத்தோடு கையெழுத்தும் போட்டுவிட்டார். அறியாதவர்களுக்கு அறிவு புகட்டும்போது அவர் கை தயங்குவதில்லை.

ஒனேலியா அந்தத் தாளைப் படித்துப் பார்த்து, மை காயும்வரை ஊதினாள். பிறகு எழுந்து தன் நாற்காலியை நகர்த்தினாள். அதுவரை அவள் முதுகு மறைத்திருந்த ஜன்னலும், ஜன்னலோரத்துக் கண்ணாடிப் பெட்டியும் தெரிந்தன. தெற்கு வெயில் நேராக அதன்மேல் விழுந்துகொண்டிருந்தது.

இந்தப் பெட்டியில் காசை எடுத்து வைக்கிறவர் யார் என்று அவள் நீவெஸிடம் கேட்டாள்.

“அவர் மட்டும்தான். வருஷத்துக்கு ஒரு தடவை, விருந்தன்னைக்கு எடுப்பார். முகம் வாசலைப் பாக்கணும்னு அளவுகோல் வெச்சுத் திருப்பி வெப்பார். நான் கண்ணாடிய மட்டும்தான் தொடைப்பேன்.”

“வெல்வெட்டை எப்ப மாத்தினீங்க?”

“மாத்தினதே இல்ல. கொமூத்ஸி ஐயாவோட மருந்துக்கடையிலேர்ந்து வந்த வெல்வெட்னு மாத்த விடமாட்டார்.”

ஒனேலியா கவாலியேரேயின் சாவியையே வாங்கிப் பெட்டியைத் திறந்தாள். எல்லோரும் எழுந்து வந்தார்கள். வக்கீலும் வந்தார். வெல்வெட் ஒரு காலத்தில் கருநீலமாக இருந்திருக்க வேண்டும். முப்பது வருட வெயில் அதைச் சாம்பலாக்கிவிட்டிருந்தது. நடுவில் மட்டும், காசு படுத்திருந்த இடத்தில், வெயில் படாத நீலம் அப்படியே இருந்தது. அந்த நீலம் வட்டமாக இல்லை. கீழே வலது ஓரத்தில் எலி கடித்த மாதிரி ஒரு துண்டு இல்லை. மேலே இடது பக்கம் சின்ன வால் போல நீண்டிருந்தது.

“நீங்களே வைங்க கவாலியேரே,” என்றாள் ஒனேலியா. “எப்பவும் வைக்கற மாதிரி. முகம் வாசலைப் பாத்து.”

பாஸ்கொலாத்தின் விரல்கள் காசை எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றன. பிறகு வைத்தன. நீலத்தில் ஒரு நூல்கூட வெளியே தெரியவில்லை.

“கல்யாணத்துக்கு அளவெடுத்துத் தச்ச ஷூ கூட இப்படி அமையாது,” என்றான் ஈவோ.

வெளியே மாதா கோவில் மணி பதினொன்றரைக்கு ஒருமுறை அடித்து ஓய்ந்தது.

“யாரோ மாத்தி வெச்சாங்கன்னு சொன்னீங்க,” என்றாள் ஒனேலியா. “அப்படின்னா முப்பது வருஷமா இங்க படுத்திருந்தது வேற ஒருத்தி. அவ படுத்த தடம் வேற மாதிரி இருக்கணும். இங்க படுத்திருந்தது இவதான், முதல் நாள்லேர்ந்து. சூரியனுக்கு உங்க சங்கத்துல ஓட்டு இல்ல, அதனால அது யாருக்காகவும் சாட்சி சொல்லல. அது பாட்டுக்கு அடிச்சிட்டு இருந்துச்சு.”

பாஸ்கொலாத் உதட்டை நனைத்துக்கொண்டார். அச்செடுத்துச் செய்த வார்ப்பாக இருந்தால் ஓரமும் அதேபோல வருமே என்று மெதுவாகச் சொல்லத் தொடங்கினார். வக்கீல் ஸ்தாபிலே ஒன்றும் பேசாமல், மை காய்ந்த அந்தத் தாளை ஒரே விரலால் தலைவரின் பக்கம் நகர்த்தினார். பிறகு தன் பேனாவுக்கு மூடி போட்டுச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். அவருடைய வக்கீல் வாழ்க்கையில் அதைவிட நீளமான வாதம் அவர் செய்ததில்லை என்று ஈவோவுக்குத் தோன்றியது.

“நான் பொய் சொல்லல,” என்றார் பாஸ்கொலாத்.

“தெரியும்,” என்றாள் ஒனேலியா. மென்மை போய்விட்டிருந்தது. “அதுதான் கேவலம். பொய் சொல்றவனுக்கு உண்மை எதுன்னாவது தெரிஞ்சிருக்கும். உங்க கண்ணு ஒரு நாள் தப்பாப் பாத்திருக்கும்னு நினைக்கறதைவிட, பதினெட்டு வருஷம் உங்களுக்குக் கதவு திறந்துவிட்ட பொம்பளை திருடின்னு நினைக்கறது உங்களுக்குச் சுலபமா இருந்திருக்கு. அந்த ஓவியனுக்குக் கண்ணு இருந்துச்சு. அவனையும் திருத்திட்டீங்க.”

புகாரைக் கிழித்துப் போட்டுவிட்டு இத்தோடு விட்டுவிடலாம் என்றார் வக்கீல். நேற்று மாலை கவாலியேரே மதுக்கடையில் நின்று நாலு பேர் காதுபட என்ன சொன்னார், அதை யார் கிழிப்பது என்று ஒனேலியா கேட்டாள். மேயருக்கு ஒரு கடிதம் போக வேண்டும், அதை நகராட்சி அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும் என்றாள். வக்கீல் தட்டச்சு இயந்திரத்தின் உறையை எடுத்தார்.

“டைப் அடிக்க வேண்டாம்,” என்றாள் நீவெஸ். ஸ்டூலை விட்டு எழுந்து மேஜை அருகே வந்திருந்தாள். “அவர் கையால எழுதட்டும். சங்கத்துத் தாள்ல வேண்டாம். வெள்ளைத் தாள்ல.”

முதல் முயற்சியில், ‘நாணயத்தின் அடையாளம் குறித்து ஓர் ஐயம் எழுந்துள்ளது’ என்று எழுதினார். ஈவோ உரக்கப் படித்தான். ஐயம் தானாக எழுந்து உட்காருமா, யாராவது எழுப்பினார்களா என்று கேட்டான். இரண்டாவதில், ‘அக்காலத்திய அறிவின் எல்லைகளால்’ என்று இருந்தது. அக்காலத்தில் பதினொரு தோம்னாக்களும் இதே அறையில்தான் இருந்தார்கள் என்று ஒனேலியா நினைவுபடுத்தினாள். ‘சிறு பிழை’ என்று போட்டுக்கொள்ளட்டுமா என்று கவாலியேரே நீவெஸைப் பார்த்துக் கேட்டார். நீவெஸ் இன்னொரு வெள்ளைத் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

மூன்றாவது தாளில் மூன்று வரிகள் இருந்தன. காசு ஒருபோதும் மாற்றப்படவில்லை. முப்பது வருடங்களுக்கு முன் அதைத் தவறாக அடையாளம் கண்டவன் நான். நீவெஸ் தொமாஸின் மீது நான் சொன்னது அநியாயம். கையெழுத்துப் போடும்போது ‘கவாலியேரே’ என்று தொடங்கிய பேனா நின்றது. பிறகு அதை அடித்துவிட்டு வெறும் பெயரை எழுதினார்.

நகராட்சி எதிர்க் கட்டடம்தானே, திங்கட்கிழமை தானே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன் என்றார். நீவெஸ் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. தாளை மூன்றாக மடித்து உறையில் வைத்து, பசையை நாக்கால் நனைத்து, முஷ்டியால் ஓரம் ஓரமாக அழுத்தி ஒட்டினாள். ஒட்டிய பிறகும் அழுத்திக்கொண்டே இருந்தாள்.

தபால் அலுவலகத்தில் அவளுக்கு முன்னால் ஏழு பேர் வரிசைச் சீட்டோடு நின்றார்கள். நேற்று மதுக்கடையில் இருந்தவர்கள் அதில் இரண்டு பேர். ஒருத்தி கைப்பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். நீவெஸ் யாரையும் பார்க்கவில்லை. ஒனேலியாவும் ஈவோவும் கதவருகே நின்றுகொண்டார்கள். பன்னிரண்டு இருபத்தெட்டுக்கு அவள் எண் வந்தது.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த ஊழியர் உறையைத் திருப்பிப் பார்த்தார். விலாசத்தை அவர் ஒருமுறை உரக்கப் படிப்பது வழக்கம். அனுப்புநர் பாஸ்கொலாத் என்பதையும் படித்தார். வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“இது எதிர்த்த கட்டடத்துக்குத்தானே நீவெஸ். இங்கேர்ந்து உதினே போய், பிரிச்சு, திரும்பி வரணும். நடந்து போனா முப்பது அடி.”

“தெரியும்,” என்றாள் நீவெஸ். “பதிவுத் தபால் போடுங்க. கையெழுத்து வாங்கற அட்டையோட.”

“அவசரமா?”

“முப்பது வருஷம் லேட்டு. இன்னைக்கே போகட்டும்.”

ஊழியர் முத்திரையை மையில் ஒற்றி இரண்டு தடவை அடித்தார். ரசீதைக் கிழித்து அவளிடம் கொடுத்துவிட்டு, உறையைப் பின்னால் இருந்த சாக்கில் போட்டார்.